திருநெல்வேலிப் பக்கம் விவசாயிக்கும் வியாபாரிக்கும் உள்ளூர் வங்கிகள் எப்படி வந்தன?

ஊர்க்காரர்களோ ஒரே தொழில் செய்பவர்களோ பணம் சேர்த்துத் தங்களுக்குள் கடன் கொடுத்துக்கொள்வதுதான் இதன் அடிப்படை. ஏலச்சீட்டு மாதிரி என்று வையுங்கள். சீட்டு முடிந்தால் கலைந்துவிடும், இது நிலைத்து நிற்கும்.

தாமிரபரணிப் பாசனத்தில் காசு வருவது கார், பிசானம் அறுவடைகளில்தான். விதைநெல்லுக்கும் உழவுக்கும் அதற்கு முன்பே பணம் வேண்டும். அப்புறம் என்ன, கம்மலைக் கழற்றிக்கொண்டு வட்டிக்காரர் வீட்டுக்குத்தான் நடை. 1904-ஆம் ஆண்டுக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் இதற்கு மாற்று வழி திறந்தது.

வியாபாரிகளுக்கு மகமை என்ற பொதுநிதிப் பழக்கம் கைகொடுத்தது. சரக்கு மூட்டைக்கு இவ்வளவு என்று பொதுவில் போட்டுப் பழகிய நாடார் சமூகத்தார், 1921-இல் தூத்துக்குடியில் (அன்று நெல்லை மாவட்டம்) நாடார் வங்கியைத் தொடங்கினார்கள். 1962-இல் அது தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி ஆனது.

கூட்டுறவுச் சங்கத்தை அரசாங்க ஆபீஸ் என்றே பலரும் நினைக்கிறார்கள். மேற்பார்வைதான் அரசுடையது, சங்கம் பங்கு வாங்கிய உறுப்பினர்களுடையது.