வைஃபைக்குக் கடவுச்சொல் போட்டுத்தானே இணைகிறேன், லேப்டாப்பில் இன்னும் என்ன மாற்ற வேண்டும்?

கேள்வியில் நீங்கள் எழுதியிருப்பது இது: ஒரே லேப்டாப்பை வீட்டிலும், படிக்கும் கல்லூரியிலும், பயணத்தில் கிடைக்கும் இலவச வைஃபையிலும் பயன்படுத்துகிறீர்கள். வீட்டு ரூட்டருக்குக் கடவுச்சொல் போட்டாயிற்று. இதுவரை பிரச்சினை எதுவும் வந்ததில்லை. இதற்கு மேலும் கணினியில் செய்ய வேண்டியது ஏதாவது உண்டா?

உண்டு. அதில் பெரும்பகுதி வீட்டுக்கு வெளியேதான் இருக்கிறது. ஒரு கல்லூரியின் நெட்வொர்க்கைச் சில ஆண்டுகள் கவனித்துக்கொண்டவன் என்ற முறையில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வைஃபை பட்டியலில் நீங்கள் பார்க்கும் பெயர் யாருக்கும் சொந்தமில்லை. எந்த ரூட்டரும், எவருடைய மொபைல் ஹாட்ஸ்பாட்டும், எந்தப் பெயரை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். தடுக்க யாருமில்லை. உங்கள் கணினி பெயரை மட்டும் பார்த்து இணைகிறதா, அந்தப் பக்கம் இருப்பது யார் என்று சரிபார்த்து இணைகிறதா என்பதைத்தான் நீங்கள் முதலில் பார்க்க வேண்டும்.

இதை என் தங்கைக்கு வாயால் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. அதனால் அவளுடைய லேப்டாப்பில் சேமித்து வைத்திருந்த நெட்வொர்க்குகளின் பட்டியலைத் திறந்தேன். 34 பெயர்கள். தங்கிய விடுதிகள், காத்திருந்த இடங்கள், எப்போதோ போன ஒரு கருத்தரங்கு. அவற்றில் கடவுச்சொல் கேட்காத திறந்த நெட்வொர்க் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஓர் எழுத்துக்கூட மாறாமல் அதே பெயரை என் மொபைல் ஹாட்ஸ்பாட்டுக்கு வைத்தேன். கடவுச்சொல்லை எடுத்துவிட்டேன். வீட்டு ரூட்டரை அணைத்தேன். அவள் லேப்டாப்பை மூடி, மீண்டும் திறந்தாள். பத்து நொடி ஆகியிருக்காது, 'ஒரு சாதனம் இணைந்துள்ளது' என்று என் மொபைலில் வந்தது. அவள் எதையும் தொடவில்லை. ஓரத்தில் புது மெயில்கள் வந்து விழத் தொடங்கின. அன்றைக்கே உட்கார்ந்து பட்டியலை ஐந்தாகக் குறைத்தாள்.

நீங்களும் இங்கிருந்தே தொடங்குங்கள். விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், வைஃபை, மேனேஜ் நோன் நெட்வொர்க்ஸ் என்று போனால் பட்டியல் வரும். இனி போகப்போவதில்லை என்ற இடங்களுக்கெல்லாம் 'ஃபர்கெட்' கொடுத்துவிடுங்கள். வைத்திருக்க வேண்டிய பொது நெட்வொர்க்குகளில் 'கனெக்ட் ஆட்டோமேட்டிக்கலி' என்ற டிக்கை எடுங்கள். மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸில் வைஃபைக்குள் அட்வான்ஸ்ட் என்பதில் இதே பட்டியல் இருக்கிறது, அங்கே அதன் பெயர் ஆட்டோ ஜாயின். லினக்ஸில் ஒவ்வொரு இணைப்பின் அமைப்புக்குள்ளும் தனித்தனியாக இருக்கும்.

கடவுச்சொல் உள்ள வீட்டு நெட்வொர்க்கின் பெயரை ஒருவர் திருடினால் இதேபோல் நடக்காதா என்று கேட்கலாம். இவ்வளவு சுலபமாக நடக்காது. பெயரோடு பாதுகாப்பு வகையையும் கணினி நினைவில் வைத்திருக்கிறது. டபிள்யூபிஏ2 (கடவுச்சொல் கேட்கும் வைஃபை பாதுகாப்பு வகைகளில் ஒன்று) என்று சேமித்த பெயர் திறந்த நெட்வொர்க்காக வந்து நின்றால் தானாக இணையாது. அதோடு, டபிள்யூபிஏ2-வில் இரு தரப்பும் ஒரே கடவுச்சொல் தமக்குத் தெரியும் என்று காட்டியாக வேண்டும், கடவுச்சொல்லை வெளியே சொல்லாமலேயே. போலி ரூட்டருக்கு அது தெரியாது. ஆனால் உணவகச் சுவரில் ஒட்டியிருக்கும் கடவுச்சொல் எல்லோருக்கும் தெரியுமே, அங்கே இந்தக் காப்பு செல்லாது. அந்த மாதிரி இடத்தையும் திறந்த நெட்வொர்க்காகவே நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். வைஃபை பெயரை மறைத்துவைத்தால் பாதுகாப்பு என்று பலர் நம்புகிறார்கள். விளைவு நேர்மாறானது. ரூட்டர் தன் பெயரை அறிவிக்காவிட்டால், கணினிதான் போகுமிடமெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லி 'இருக்கிறாயா, இருக்கிறாயா' என்று கூப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கும். உங்கள் வீட்டு நெட்வொர்க்கின் பெயரை நீங்களே ஊரெல்லாம் அறிவித்துக்கொண்டு போகிறீர்கள். பெயர் வெளியே தெரியட்டும், மறைக்காதீர்கள். மேக் முகவரியை (சாதனத்தின் வைஃபை அட்டைக்கு உள்ள அடையாள எண், ஆப்பிள் மேக் அல்ல) வைத்து அனுமதிப்பதும் பெரிய காவல் ஆகாது, அந்த முகவரி காற்றில் மறையாக்கம் இல்லாமல்தான் போகிறது.

வீட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரூட்டரில் டபிள்யூபிஏ2-வுக்கு அடுத்து வந்த டபிள்யூபிஏ3 இருந்தால் அதைப் போடுங்கள். 2018-ல் வந்தது. விண்டோஸ் 10-இன் 2019 மே பதிப்பிலிருந்து ஆதரவு இருக்கிறது, லேப்டாப்பின் வைஃபை அட்டையும் ஒத்துழைக்க வேண்டும். இல்லையென்றால் டபிள்யூபிஏ2, அதிலும் ஏஇஎஸ் என்ற மறையாக்கம் மட்டும். டிகேஐபி என்ற பழைய முறை என்றோ, டிகேஐபியும் ஏஇஎஸ்ஸும் கலந்தோ இருந்தால் மாற்றுங்கள். டபிள்யூஇபி என்று ஒன்று இன்னும் பழைய ரூட்டர்களில் இருக்கும். அதன் மறையாக்கம் 2001-லேயே உடைந்துபோயிற்று, அதைத் தொடவே வேண்டாம். கடவுச்சொல்லுக்குப் பதிலாக ஓர் எண்ணைக் கொடுத்து இணையவிடும் டபிள்யூபிஎஸ் பின் வசதியையும் அணைத்துவிடுங்கள். அந்தப் பின் 8 இலக்கம் என்றாலும் ரூட்டர் அதை இரண்டு பாதியாகச் சரிபார்க்கிறது, கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பு எண். ஆகவே அதிகபட்சம் 11,000 முயற்சியில் விழுந்துவிடும் என்பது 2011 டிசம்பரில் வெளிவந்தது.

கடவுச்சொல்லில் மட்டும் கொஞ்சம் நிற்கிறேன். டபிள்யூபிஏ2-வில் கணினி இணையும்போது இரு தரப்பும் பரிமாறிக்கொள்ளும் செய்திகளை, அதாவது கைகுலுக்கலை, வெளியே இருந்து ஒருவர் பதிவு செய்துகொண்டு, பிறகு ரூட்டர் பக்கமே வராமல், தன் இடத்தில் உட்கார்ந்து கடவுச்சொற்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம். நல்ல கிராபிக்ஸ் அட்டை ஒன்றால் நொடிக்கு 10 லட்சம் சொற்களைச் சோதிக்க முடியும். 8 இலக்க எண்ணைக் கடவுச்சொல்லாக வைத்தால் மொத்தம் 10 கோடி சேர்க்கைகள், 100 நொடியில் முடிந்துவிடும். 10 இலக்க மொபைல் எண்ணை வைத்தால் மூன்று மணி நேரத்துக்குள். பிறந்த தேதியைச் சொல்லவே வேண்டாம். அதே வேகத்தில், 7,776 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு எடுத்த ஐந்து சொற்களை வரிசையாக வைத்தால் எல்லாவற்றையும் சோதித்து முடிக்க 8 லட்சம் ஆண்டுகளுக்கும் மேலாகும். அகராதியை ஐந்து முறை எங்காவது திறந்து, கை பட்ட தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்துகொள்ளுங்கள். 63 எழுத்து வரை இடமிருக்கிறது. சொற்களை நீங்களாக யோசித்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், மனம் போகிற தடம் எல்லோருக்கும் ஒன்றுபோலவே இருக்கும். டபிள்யூபிஏ3 இப்படிப் பதிவு செய்துகொண்டு போய்ச் சோதிக்கும் வழியை அடைக்கிறது. அதை நான் பரிந்துரைப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள் என்பது வைஃபைக்கும் பொருந்தும். 2017-ல் மத்தி வான்ஹூஃப் என்ற ஆய்வாளர் டபிள்யூபிஏ2-வின் கைகுலுக்கலிலேயே ஓட்டை இருப்பதைக் கண்டுபிடித்தார், க்ராக் என்று பெயர். எவ்வளவு நல்ல கடவுச்சொல் இருந்தாலும் அது காப்பாற்றாது. ஓட்டை பெரும்பாலும் இணையும் கணினியின் பக்கம் இருந்தது. லினக்ஸிலும் ஆண்ட்ராய்டு 6-லும், பயன்பாட்டில் இருக்கும் சாவியைச் சுழியங்களாகவே மாற்றவைக்க முடிந்தது. ரூட்டரை மாற்றினால் சரியாகியிருக்காது, கணினியில் அப்டேட் போட்டால்தான் சரியாகும்.

இனி வெளியிடங்கள். திறந்த வைஃபையில் இணைந்ததும் விண்டோஸில் அந்த நெட்வொர்க்கின் வகை 'பப்ளிக்' என்று இருக்கிறதா பாருங்கள். 'பிரைவேட்' என்று இருந்தால் பக்கத்தில் இருக்கும் கணினிகளுக்கு உங்கள் கணினி தன்னைக் காட்டிக்கொள்ளும். பிரவுசரில் எச்டிடிபிஎஸ் (தளத்துக்கும் உங்களுக்கும் இடையே போவதை மறையாக்கும் முறை) இல்லாத தளத்துக்கு எச்சரிக்கை காட்டும் அமைப்பைப் போட்டுவிடுங்கள், குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் இருக்கிறது. எச்டிடிபிஎஸ் உள்ள தளத்தில் நீங்கள் தட்டும் கடவுச்சொல்லை வைஃபைக்காரரால் படிக்க முடியாது. எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பதை மட்டும் அவர் பெரும்பாலும் பார்க்கலாம். ஆனால் தளத்தின் சர்டிபிகேட், அதாவது அது யாரென்று காட்டும் சான்று, சரியில்லை என்று பிரவுசர் சொல்லும்போது 'பரவாயில்லை, தொடர்' என்று அழுத்தினால் அந்தக் காப்பு முழுவதும் போயிற்று. இணையப் போக்குவரத்தை மறையாக்கி வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் வி.பி.என். வேண்டுமா என்று கேட்பார்கள். நம்பிக்கையை வைஃபைக்காரரிடமிருந்து எடுத்து வி.பி.என். நடத்துபவரிடம் கொடுக்கிறீர்கள், அவ்வளவுதான். அவர் யாரென்று தெரிந்தால் நல்லது. யாரென்றே தெரியாத இலவச வி.பி.என்.னைவிட உங்கள் சொந்த மொபைல் ஹாட்ஸ்பாட் மேல் என்பது என் கருத்து.

கடைசியாகக் கல்லூரி. இதைப் பற்றி எழுதத்தான் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல உட்கார்ந்தேன்.

கல்லூரி வைஃபையில் எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல் இல்லை. உங்கள் பயனர் பெயரும் உங்கள் கடவுச்சொல்லும் கேட்கும். பின்னால், ஒவ்வொருவரையும் தனித்தனியாகச் சரிபார்க்கும் 802.1எக்ஸ் என்ற ஏற்பாடு இருக்கிறது. பல நாடுகளின் கல்லூரிகள் பகிர்ந்துகொள்ளும் எஜுரோம் வைஃபையைப் பயன்படுத்தியிருந்தால் பார்த்திருப்பீர்கள். அமைப்பு சரியாக இருந்தால் வீட்டு வைஃபையைவிட உறுதியானது. அமைப்பு தவறினால் போவது வைஃபை கடவுச்சொல் மட்டுமில்லை, உங்கள் கல்லூரிக் கணக்கே போகும். மெயில், மதிப்பெண், நூலகம் எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் அதே கடவுச்சொல்தானே.

நான் வேலை பார்த்த இடத்தில் உரிய அனுமதியோடு ஒரு சோதனை செய்தோம். பழைய ரூட்டர் ஒன்றுக்குக் கல்லூரி நெட்வொர்க்கின் பெயரை வைத்து, பின்னால் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் சரிபார்க்கும் ஃப்ரீரேடியஸ் சர்வரை ஓடவிட்டு, நானே கையெழுத்திட்ட சர்டிபிகேட் ஒன்றைப் போட்டேன். அந்த அறைக்கு எங்கள் துறையில் மூன்று பேரைத் தத்தம் லேப்டாப்போடு வரச்சொல்லியிருந்தோம். மூன்றில் எதுவும் இணையவில்லை, என் சர்வருக்கு அவர்களுடைய கடவுச்சொல் தெரியாதே. ஆனால் சர்வரின் பதிவேடான லாகில் இரண்டு பேரின் பயனர் பெயரும், கடவுச்சொல்லை வைத்துக் கணக்கிட்ட விடையும் வந்து விழுந்திருந்தன. கடவுச்சொல்லை நேரே அனுப்பாமல் இப்படிக் கணக்கிட்டுக் காட்டும் எம்எஸ்சாப் வி2 என்ற அந்த முறையை உடைப்பது, டிஇஎஸ் என்ற பழைய மறையாக்கத்தின் ஒரே ஒரு 56 பிட் சாவியை உடைப்பதற்குச் சமம் என்று 2012-ல் டெஃப்கான் மாநாட்டில் மாக்ஸி மார்லின்ஸ்பைக்கும் டேவிட் ஹல்டனும் காட்டிவிட்டார்கள். விடை கைக்கு வந்தாலே கடவுச்சொல் கைக்கு வந்த மாதிரிதான். அந்த இரண்டு பேரின் முகத்தை இன்னும் மறக்கவில்லை. இருவரும் கணினி தெரிந்தவர்கள். ஒருவர் எப்போதோ அவசரத்தில் சர்டிபிகேட் சரிபார்ப்பை அணைத்திருந்தார். இன்னொருவர் திரையில் வந்த கேள்விக்கு 'கனெக்ட்' அழுத்தியிருந்தார்.

அந்தக் கேள்வியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். முதல்முறை இணையும்போது விண்டோஸ் கேட்கும்: இந்த இடத்தில் இந்த நெட்வொர்க் இருக்கும் என்று எதிர்பார்த்தால் இணையுங்கள், இல்லையென்றால் இது அதே பெயரில் இருக்கும் வேறொரு நெட்வொர்க்காக இருக்கலாம். கீழே சர்டிபிகேட் விவரத்தைக் காட்டு என்று ஓர் இணைப்பும் இருக்கும். அதைத் திறந்து பார்த்தவர்களை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன்.

செய்ய வேண்டியது இது. கல்லூரி கணினி மையத்தில் இரண்டு விவரம் கேளுங்கள்: சர்டிபிகேட்டுக்குக் கையெழுத்திட்ட ரூட் (சான்றளிக்கும் தலைமை அமைப்பு) எது, சர்வரின் முழுப்பெயர் என்ன. எஜுரோம் என்றால் பல நிறுவனங்கள் இவற்றையெல்லாம் சேர்த்த அமைப்புக் கோப்பையே கொடுக்கின்றன, அதை நிறுவினால் வேலை முடிந்தது. கையால் செய்வதென்றால், பழைய இணைப்பை நீக்கிவிட்டு, புது இணைப்பின் பாதுகாப்புப் பகுதியில் சர்டிபிகேட்டைச் சரிபார்த்துச் சர்வரை உறுதிசெய் என்பதற்கு டிக் போடுங்கள். 'கனெக்ட் டு தீஸ் சர்வர்ஸ்' என்ற கட்டத்தில் அந்த முழுப்பெயரை எழுதுங்கள். கீழே உள்ள பட்டியலில் அந்த ஒரு ரூட்டுக்கு மட்டும் டிக். சர்வர் பெயரை எழுதாமல் ரூட்டை மட்டும் டிக் செய்தால் போதாது, அதே ரூட்டிடம் வேறு யாரும் தங்கள் சர்வருக்குச் சர்டிபிகேட் வாங்கியிருக்கலாம். லினக்ஸில் 'சிஏ சர்டிபிகேட் தேவையில்லை' என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் டிக் போடாதீர்கள். மொபைலுக்கும் இதே கதைதான். 2020 டிசம்பரில் வந்த ஆண்ட்ராய்டு 11 அப்டேட் 'சரிபார்க்க வேண்டாம்' என்ற தேர்வையே எடுத்துவிட்டது. பலர் எரிச்சல்பட்டார்கள், எனக்கு நிம்மதியாக இருந்தது.

இப்படி அமைத்தபின் அந்த இரண்டு லேப்டாப்புகளையும் மீண்டும் என் போலி ரூட்டர் பக்கத்தில் வைத்தோம். 'இணைக்க முடியவில்லை' என்று மட்டும் வந்தது. லாகில் விடை எதுவும் விழவில்லை. உங்கள் லேப்டாப்பிலும் ஒருநாள் இப்படி வரலாம். வந்தால் இணைப்பை அழித்துவிட்டுச் சரிபார்ப்பு இல்லாமல் போட்டுப் பார்க்காதீர்கள். கணினி மையத்துக்குப் போன் செய்து சர்டிபிகேட்டை மாற்றினீர்களா என்று கேளுங்கள். மாற்றியிருந்தால் புது விவரம் தருவார்கள். மாற்றவில்லை என்றால் அவர்களுக்கு அது முக்கியமான தகவல், எந்தக் கட்டடத்தில், எத்தனை மணிக்கு வந்தது என்று சேர்த்துச் சொல்லுங்கள்.