மெக்கன்சி என்றால் அழகன் மகன்

கேள்வி: என் மகள் மணக்கப்போகும் மாப்பிள்ளை ஸ்காட்லாந்துக்காரர். குடும்பப் பெயர் மெக்கன்சி. இதற்கு என்ன பொருள்? பத்திரிகையில் எப்படி எழுதுவது? ஓலைச்சுவடி சேர்த்த கர்னல் மெக்கன்சிக்கு இவர்கள் உறவாக இருப்பார்களா?

பதில்: முதலில் வாழ்த்துகள்! ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் ‘மக்’ என்றால் மகன். நம் சொல்லோடு ஒலி ஒத்துப்போவது தற்செயல்தான், ஆனாலும் கேட்கும்போது மகிழ்ச்சியாக இருக்கிறது. அடுத்த பாதி ‘கோன்யாஹ்’ என்ற பழைய ஆண்பெயர். அழகன் என்று பொருள். ஆங்கிலத்தில் அதைக் கென்னத் என்பார்கள். ஆக, உங்கள் மாப்பிள்ளை அழகன் மகன். நம் இனிஷியல் போல அப்பா பெயராகத் தொடங்கியதுதான். நமக்குத் தலைமுறைதோறும் மாறுகிறது. அவர்களுக்கு ஒரு முன்னோரின் பெயரிலேயே நின்றுவிட்டது. கேலிக்கில் பெண்ணுக்கு ‘மக்’ வராது, ‘நிக்’ வரும்.

எழுத்துக்கூட்டலில் வரும் ‘இசட்’ அச்சுக்கூடத்தின் வேலை. பழைய ஸ்காட் எழுத்தில் ‘யோக்’ என்று ஓர் எழுத்து உண்டு, ‘ய’ போன்ற ஒலி. அச்சுக்காரர்களிடம் அந்த எழுத்து இல்லாததால், பார்க்க அதே மாதிரி இருந்த இசட்டைப் போட்டார்கள். பிறகு வாயும் எழுத்தைப் பின்பற்றிவிட்டது. இதே போல இசட் புகுந்து மென்சிஸ் என்று எழுதும் பெயரை ஸ்காட்லாந்தில் இன்றும் பலர் மிங்கிஸ் என்றே சொல்கிறார்கள். பத்திரிகையில் ‘மெக்கன்சி’ என்றே போடுங்கள். தமிழில் பழகிய வடிவம் அது.

சரி, உறவு விஷயம். பெயர் ஒன்று என்பதால் ரத்த உறவு என்று சொல்லிவிட முடியாது. குலத்தலைவரின் நிலத்தில் வாழ்ந்தவர்களும் அவர் பெயரை ஏற்றுக்கொண்டார்கள். ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் ஸ்டோர்னவே என்ற ஊரில் 1754இல் நீங்கள் கேட்ட கர்னல் காலின் மெக்கன்சி பிறந்தார்; 1815இல் இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளர் ஆனார். அவர் திரட்டிய சுவடிகளில் பெரும்பகுதி சென்னைக் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது. அதே ஊரில் பிறந்த அலெக்சாண்டர் மெக்கன்சி, 1789இல் கனடாவின் பேராறு ஒன்றின் வழியே ஆர்க்டிக் கடலை எட்டினார். அந்த ஆற்றுக்கு இன்று அவர் பெயர். கனடாவின் இரண்டாம் பிரதமரும் அலெக்சாண்டர் மெக்கன்சிதான். ஆனால் அவர் ஸ்காட்லாந்தின் பெர்த்ஷயரில் பிறந்த கல்தச்சர்.

உறுதியாக அறிய வேண்டுமானால் மாப்பிள்ளையின் தாத்தா பாட்டி திருமணப் பதிவிலிருந்து தொடங்குங்கள். ஸ்காட்லாந்தில் 1855 முதல் அரசுப் பதிவு உண்டு. மணமக்கள் இருவரின் பெற்றோர் பெயரும், தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் அதில் இருக்கும். ‘ஸ்காட்லண்ட்ஸ் பீப்பிள்’ என்ற அரசு இணையதளத்தில் தேடலாம். அப்படிப் பின்னோக்கிப் போகையில் ஸ்டோர்னவே என்ற ஊர் வந்தால் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.