காதல் நாவல்களை எழுதிச் சொந்தமாக வெளியிடுவதில் எழுதுகிறவருக்கு என்னென்ன ஏற்ற இறக்கங்கள் இருக்கும்?

வருமானக் கணக்கை மற்ற பதில்களில் படித்துவிட்டேன், எழுதும்போது மனதளவில் எதற்குத் தயாராக இருக்க வேண்டும், வாராவாரம் அத்தியாயம் போடுவதா, முழுதாக முடித்துவிட்டு வெளியிடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் திருப்பூரில் இருந்துகொண்டு சில வருடங்களாகப் புனைபெயரில் காதல் நாவல்கள் எழுதுகிறேன். முதலில் இணையத்தில் தொடராகப் போட்டு, முடிந்ததும் அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலுக்குக் கொண்டுபோவது என் வழக்கம். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஏற்றம் என்றால் முதலில் இடம்தான். வார இதழ்த் தொடர், மாத நாவல் என்று இருந்த காலத்தில் கதையின் நீளத்தைத் தாள்தான் முடிவு செய்தது. பெட்டிக்கடையிலும் பஸ் ஸ்டாண்டிலும் தொங்கிய மாத நாவலுக்கு இத்தனை பக்கம் என்று அளவு உண்டு, கதை அதற்குள் அடங்க வேண்டும். யார் எழுதலாம், என்ன எழுதலாம் என்பது ஆசிரியர் மேசையில் முடிவானது. 2016 டிசம்பரில் கிண்டில் தமிழுக்கும் வந்தது. அதற்கு முன்பே பிரதிலிபியும் தொடர்கதைத் தளங்களும் இருந்தன. இப்போது ஒரு வேர்ட் ஃபைலும் வங்கிக் கணக்கும் இருந்தால் போதும். சமையலை முடித்துவிட்டு, பிள்ளைகள் தூங்கிய பிறகு போனிலேயே தட்டச்சு செய்து நாவல் முடித்த பெண்களை எனக்குத் தெரியும். அவர்களில் பலர் எழுதுவது வீட்டுக்கே தெரியாது.

இந்தச் சுதந்திரம் கதைக்குள் என்ன செய்தது என்று என் நாவல் ஒன்றை வைத்தே சொல்கிறேன். தமிழ்க் காதல் நாவல் என்றால் நாயகன் தொழிலதிபன் என்று ஒரு பழக்கம் உண்டு. கண்ணாடி போட்ட ஆபீஸ், நீளமான கார், கோபக்காரன். நான் பனியன் தைக்கும் ஒரு பவர் டேபிள் யூனிட்டில், துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷின் அடிக்கும் டெய்லரை நாயகனாக வைத்தேன். நாயகி அங்கே டெய்லருக்கு உதவியாகக் கைமடிக்க வந்து, பிறகு தைத்ததைச் சரிபார்க்கும் செக்கிங்குக்கு மாறுகிறவள். மெஷின் ஓடும்போது பக்கத்தில் நின்று பேசினாலும் காதில் விழாது. அவன் சொல்ல நினைத்ததையெல்லாம் டீ டைமுக்குள் சொல்லியாக வேண்டும். ஒரு அத்தியாயம் முழுக்க அவன் வாயெடுப்பதும், கான்ட்ராக்டர் வந்து நிற்பதும், மெஷின் மறுபடி ஓட ஆரம்பிப்பதுமாகவே போகும். சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு அவள் கிளம்பும்போது, நூல்கண்டு மாற்றிக்கொண்டே அவன் சொல்வது ஒரே ஒரு வரி: "தலையில பஞ்சு ஒட்டியிருக்குதுங்க, பஸ் ஏறறதுக்கு முன்னால தட்டிட்டுப் போங்க."

அந்த வரிக்கு வந்த கருத்துகளை இப்போதும் சேமித்து வைத்திருக்கிறேன். "எங்க அம்மா பனியன் கம்பெனிக்குப் போயிட்டு வரும்போது முடியில இப்படித்தான் பஞ்சு இருக்கும்" என்று ஒரு தங்கை எழுதியிருந்தாள். கொங்குப் பேச்சை அப்படியே எழுத ஒருவரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. "போகோணும்", "ஏனுங்க" எல்லாம் அப்படியே இருந்தன. இந்த நிறைவுக்காகத்தான் எழுதுகிறோம், இதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

அதே கதையில்தான் இறக்கமும் வந்தது. நாலைந்து யூடி (அப்டேட், அதாவது புது அத்தியாயம்) போனதுமே வாசகர்கள் கேட்க ஆரம்பித்தார்கள்: "அக்கா, ஹீரோ நிஜமாவே முதலாளி பையன்தானே? மாறுவேஷத்துல வந்திருக்கானா?" ஒருவர் இருவர் இல்லை, யூடிக்கு யூடி அதே கேள்வி. அவர்கள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. நாயகிக்கு ஒரு நல்ல வாழ்க்கை கிடைக்க வேண்டும் என்ற ஆசை அது. ஆனால் அந்தக் கேள்வியை வாராவாரம் படித்துக்கொண்டு அடுத்த அத்தியாயம் எழுத உட்காரும்போது கை தானாகவே அந்தப் பக்கம் போகப் பார்க்கும். "ஊரில் அவனுக்கு ஏதோ சொத்து வழக்கு இருந்தால்தான் என்ன?" என்று மனசு கேட்கும். நாவல்களின் திசை மாறும் இடம் பெரும்பாலும் இதுதான் என்பது என் எண்ணம். விற்காமல் போனால் வரும் சோர்வு இரண்டு நாளில் போய்விடும். உங்கள் பாத்திரம் உங்கள் கையைவிட்டு மெதுவாக நழுவுவதைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

நான் அவனை டெய்லராகவே வைத்தேன். கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து இரண்டு மெஷின் வாடகைக்கு எடுக்கிறார்கள், அவ்வளவுதான். சில வாசகர்கள் நடுவில் நின்றுவிட்டார்கள். முடித்தவர்கள் நீளமாக எழுதினார்கள்.

ஆன்டி ஹீரோ விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், எழுத வந்தால் முதல் வருடமே இது உங்கள் முன்னால் வந்து நிற்கும். கட்டாயத் தாலி, கன்னத்தில் அறை, பழிவாங்கக் கல்யாணம், பிறகு மனம் மாறிக் காதல் என்கிற கதைகளுக்கு வாசகக் கூட்டம் அதிகம். எழுதுகிறவர்களில் என் தோழிகளும் உண்டு. அந்தக் கதைகளைப் படிக்கிற பெண்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கொடுமைக்காரன் ஒருவன் கடைசியில் மனம் உருகி மன்னிப்புக் கேட்பதைப் படிப்பதில், நிஜ வாழ்க்கையில் கிடைக்காத ஏதோ ஒன்று அவர்களுக்குக் கிடைக்கிறது என்று நினைக்கிறேன். இருந்தாலும் அறைந்தவனை நாயகன் என்று எழுத என்னால் முடியவில்லை, எழுதப் போவதும் இல்லை. இதில் உங்கள் எல்லை எது என்பதை முதல் அத்தியாயம் போடுவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். கூட்டம் வந்த பிறகு யோசித்தால் கூட்டம்தான் முடிவு செய்யும்.

அடுத்தது பக்கக் கணக்கு. பணத்துக்காக இதைச் சொல்லவில்லை, இது எழுத்துக்குள்ளேயே நுழைகிற விஷயம். கிண்டில் அன்லிமிடெட் சந்தாதாரர் உங்கள் நாவலைப் படித்தால், அவர் எத்தனை பக்கம் புரட்டினார் என்பதற்குத்தான் காசு. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒருவர் முதல் முறை படிப்பது மட்டும் கணக்கு. அந்தப் பக்கமும் நீங்கள் வேர்டில் பார்க்கும் பக்கம் இல்லை, அமேசான் தானே அளந்து வைக்கிற பக்கம். 2015 ஜூலைக்கு முன்னால் வேறு முறை இருந்தது: புத்தகத்தை எடுத்துப் பத்து சதவீதம் தாண்டிவிட்டால் சின்னதோ பெரியதோ ஒரே தொகை. அப்போது ஆங்கிலத்தில் குட்டிக் குட்டிப் புத்தகங்களாக வெளியிட்டார்கள். முறை மாறியதும் நீளமான புத்தகத்துக்கு மவுசு வந்தது. தமிழ்ப் புத்தகங்கள் கிண்டிலுக்கு வந்தது அதற்குப் பிறகு என்பதால் நமக்குத் தெரிந்ததெல்லாம் பக்கக் கணக்குதான்.

இதன் விளைவை நம் நாவல்களின் நடுப்பகுதியில் பார்க்கலாம். நாயகனும் நாயகியும் ஒருமுறை உட்கார்ந்து பேசினால் தீர்ந்துவிடும் சந்தேகம் பத்து அத்தியாயத்துக்கு ஓடும். ஒரு அத்தை வருவார், ஒரு பழைய தோழி வருவாள், இட்லிக்கு என்ன சட்னி என்பதில் ஒரு பக்கம் போகும். இட்லிச் சட்னியில் காதலைச் சொல்ல முடியும், அதை நான் மறுக்கவே மாட்டேன். அந்தப் பக்கத்தில் இரண்டு பேருக்கும் நடுவே ஏதாவது ஒன்று மாறியிருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். திருத்தும்போது ஒவ்வொரு காட்சிக்கும் இந்தக் கேள்வியைக் கேட்பேன். மாறவில்லை என்றால் எவ்வளவு அழகான காட்சியாக இருந்தாலும் எடுத்துவிடுவேன். எடுக்கும்போது மனசு வலிக்கும், பக்கமும் குறையும்.

திருத்துவதற்கு ஆள் இல்லை என்பது இன்னொரு இறக்கம். ஒற்றுப் பிழை, ர-ற குழப்பம் எல்லாம் வாசகர்களே கமெண்டில் காட்டிவிடுவார்கள். கதை எங்கே தொய்கிறது என்று நேருக்கு நேர் சொல்ல மட்டும் ஆள் கிடைக்காது. "சூப்பர் சிஸ்", "அடுத்த யூடி எப்போ" என்பவை தெம்பு தரும், கதையைத் திருத்தாது. எழுதுகிற தோழி ஒருத்தியோடு நான் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறேன். அவள் பிரதியை நானும் என் பிரதியை அவளும் வெளியிடுவதற்கு முன்னால் படிப்போம். ஒருமுறை அவள் எனக்கு அனுப்பிய குறிப்பு: "இந்த அழுகை போன அத்தியாயத்திலேயே அழுதாச்சு." அதற்கு மேல் அவள் விளக்க வேண்டியிருக்கவில்லை. அப்படி ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள், கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

அட்டைப்படம் சின்ன விஷயமாகத் தோன்றும். என் நாயகி கருப்பு நிறம், பருத்திச் சுடிதார், கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. காசு கொடுத்து வாங்கும் படத் தளங்களில் தேடினால் வெள்ளைத் தோலும் பட்டுப் புடவையும் நகையுமாகத்தான் வரும். கடைசியில் முகமே வேண்டாம் என்று நூல்கண்டு வரிசையை அட்டையில் போட்டேன். இப்போது பலர் செயற்கை நுண்ணறிவில் படம் செய்கிறார்கள். அப்படிச் செய்தால் கிண்டிலில் ஏற்றும்போது அதைத் தெரிவிக்க வேண்டும். 2023இலிருந்து இந்த விதி இருக்கிறது.

பிடிஎஃப் திருட்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. புத்தகம் வெளியான கொஞ்ச நாளிலேயே டெலிகிராம் குழுக்களில் இலவசமாகச் சுற்றும். புகார் கொடுத்து ஓர் இடத்தில் எடுக்க வைத்தால் இன்னோர் இடத்தில் முளைக்கும். சட்டம் நம் பக்கம்தான். இந்தியாவில் எழுதிய கணத்திலேயே பதிப்புரிமை எழுதியவருக்கு வந்துவிடும், பதிவு கட்டாயமில்லை. ஆனால் மாதக்கணக்கில் எழுதியதை, "லிங்க் இருக்கா ப்ளீஸ்" என்று ஒருவர் கேட்க, இன்னொருவர் அள்ளிக் கொடுப்பதைப் பார்க்கும் நாளில் ஒரு வரிகூட எழுத வராது. அன்றைக்கு நான் எழுத உட்காருவதில்லை.

அப்புறம் ஆடியோ. நம் எழுத்தாளர்கள் நிறைய பேர் இப்போது நாவலை வாசித்து யூடியூபில் போடுகிறார்கள். சமைத்துக்கொண்டும் தைத்துக்கொண்டும் கேட்கும் பெண்கள் அதிகம். என் நாவலை வாய்விட்டு வாசித்தபோது என் வாக்கியங்கள் எவ்வளவு நீளம் என்பது மூச்சு முட்டும்போது புரிந்தது. அதிலிருந்து வசனங்களை எழுதியதும் சத்தமாகப் படித்துப் பார்க்கிறேன். யார் பேசுகிறார்கள் என்பது பேச்சிலேயே தெரிய ஆரம்பித்துவிட்டது. இந்த லாபத்தை நான் எதிர்பார்க்கவே இல்லை.

கடைசியாக, வாராவாரமா, முழுதாகவா? முதல் நாவல் என்றால் முழுதாக எழுதி முடித்துவிட்டு, பிறகு வாராவாரம் போடுங்கள். தொடர் தரும் உறவை இழக்க வேண்டாம். அடுத்த நாள் காலை போனைத் திறந்ததும் முகம் தெரியாத பத்துப் பெண்கள் உங்கள் நாயகிக்காகச் சண்டை போட்டிருப்பதைப் பார்க்கும் சந்தோஷம் கிண்டிலில் கிடைக்காது. கதை கையில் முடிந்திருந்தால் அவர்கள் சொல்வதை நிம்மதியாகக் கேட்கலாம். வசனம் புரியவில்லை, இந்தக் கோபத்துக்குக் காரணம் போதவில்லை என்பார்கள், அதைத் திருத்துங்கள். முடிவை மாற்றச் சொன்னால் காது கொடுத்துக் கேளுங்கள், மாற்றாதீர்கள்.

கிண்டில் அன்லிமிடெட்டில் புத்தகம் இடம்பெற, கேடிபி செலக்ட் என்ற திட்டத்தில் சேர்த்தால் 90 நாளுக்கு அந்த மின்னூல் வேறெங்கும் இருக்கக் கூடாது, உங்கள் சொந்தத் தளத்தில்கூட. மாதிரிக்குப் பத்து சதவீதம் வரை வைத்துக்கொள்ளலாம். அதனால்தான் கதை முடிந்ததும் இத்தனை நாளில் லிங்க் எடுக்கப்படும் என்று எல்லோரும் அறிவிக்கிறோம். எடுப்பதற்கு முன்னால் கமெண்டுகளையெல்லாம் தனியாக ஒரு ஃபைலில் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அத்தியாயப் பக்கத்தை நீக்கினால் அவையும் சேர்ந்து போய்விடும். அடுத்த நாவல் நடுவில் நின்றுபோகும் வாரங்களில் நான் திறந்து படிப்பது அந்த ஃபைலைத்தான்.