கம்பி போட்ட பல்லும் கல்யாணப் பலகாரமும்

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. போன வாரம்தான் பல்லுக்குக் கம்பி போட்டோம். அடுத்த மாதம் வீட்டில் கல்யாணம், தேன்குழல், மணகோலம், சீப்புச் சீடை என்று டின் டின்னாகச் சுட்டு அடுக்கியிருக்கிறோம். பிள்ளை ஏக்கமாகப் பார்க்கிறது. கம்பி கழற்றும்வரை இட்லியும் இடியாப்பமும்தானா?
- ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: அப்படியெல்லாம் பட்டினி போட வேண்டாம் ஆச்சி. முதல் நாலைந்து நாள் இட்லியைக்கூட மெல்ல முடியாமல் வலித்திருக்கும், ஒவ்வொரு தடவை கம்பியை இறுக்கும்போதும் அது கொஞ்சம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். பால் பணியாரம், வெள்ளைப் பணியாரம், கும்மாயம், குழைய வேகவைத்த கவுனி அரிசி, இதெல்லாம் கம்பிப் பல்லுக்காகவே செய்தது மாதிரி. தேன்குழலைப் பொடியாக ஒடித்துக் கடைவாயில் போட்டுக்கொள்ளட்டும். சீப்புச் சீடை மட்டும் வேண்டவே வேண்டாம். பல்லில் ஒட்டியிருக்கும் அந்தச் சின்னச் சதுரம் பசையில்தான் நிற்கிறது, கெட்டியான ஒரு துண்டு பட்டால் பெயர்ந்துவிடும், பெயர்ந்தால் அந்தப் பல் நகர்வது நின்று வைத்தியம் இழுத்துக்கொண்டே போகும். கறி சாப்பிடலாம், எலும்பைக் கடிக்கக் கூடாது. மாம்பழத்தை நறுக்கிக் கொடுங்கள். அதிரசம் ஒட்டும், மாவுருண்டை மாவாக உதிர்ந்து கம்பிச் சந்தெல்லாம் அடைத்துக்கொள்ளும், ஆசைக்கு ஒன்று தின்றால் உடனே வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். மஞ்சள் போட்ட குழம்பில், கம்பியைப் பிடித்திருக்கும் ரப்பர் வளையம் மஞ்சளாகிவிட்டது என்று அழுவாள், அடுத்த தடவை போகும்போது புதிது மாற்றிவிடுவார்கள்.

என்னைக் கேட்டால் தின்பதைவிடத் தின்ற பிறகு துலக்குவதுதான் பெரிய வேலை. கண்ணாடி முன்னால் நின்று, பிரஷைச் சாய்த்துப் பிடித்து, கம்பிக்கு மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை, ஈறு ஓரத்தையும் விடாமல். சந்துக்குள் நுழைகிற குட்டிப் பிரஷ் மருந்துக்கடையில் கிடைக்கும். ஃப்ளோரைடு பேஸ்ட் போதும், உப்பும் கரியும் வேண்டாம். இதில் சோம்பல்பட்டவர்களுக்குக் கம்பியைக் கழற்றும் அன்றைக்குத்தான் தெரியும்: பசை இருந்த சதுரம் பளிச்சென்று இருக்கும், அதைச் சுற்றிச் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளைத் திட்டு. பல் வரிசையாகித்தான் என்ன?

கேள்வி: கம்பி முனை கன்னத்தில் குத்திப் புண்ணாகிவிட்டது. டாக்டரைப் பார்க்க இன்னும் 2 நாள் ஆகும். என்ன செய்வது?
- கல்லூரி மாணவர், காரைக்குடி

பதில்: கம்பி போட்டபோது மெழுகு டப்பா கொடுத்திருப்பார்களே தம்பி, மேசை டிராயரில் தேடுங்கள். பஞ்சால் அந்த இடத்தைத் துடைத்து ஈரம் போக்கிவிட்டு, பட்டாணி அளவு மெழுகை உருட்டி முனைமேல் அமுக்குங்கள். புண்ணுக்கு வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர். அப்பா பெட்டியிலிருக்கும் கட்டிங் பிளேயரைத் தொட வேண்டாம்.

கேள்வி: கம்பி கழற்றியாயிற்று. இப்போது கிளிப்பை மாட்டு என்கிறார்கள். இது எத்தனை நாளைக்கு?
- ஒரு வாசகர், பள்ளத்தூர்

பதில்: நாள் கணக்கில்லை அண்ணே, வருஷக் கணக்கு. நகர்ந்த பல்லைச் சுற்றியிருக்கும் எலும்பு இறுக மாதங்கள் ஆகும், ஈறில் இருக்கும் நார்கள் பழைய இடத்துக்கே இழுத்துக்கொண்டிருக்கும். பல்லை அங்கேயே பிடித்து வைக்கத்தான் இந்தக் கிளிப், ரிடெய்னர் என்பார்கள். முதல் சில மாதம் பெரும்பாலும் இரவும் பகலும், அப்புறம் ராத்திரி மட்டும், உங்கள் டாக்டர் சொல்கிறபடி. சுடுதண்ணீரில் கழுவினால் கிளிப் வளைந்துவிடும். கழற்றினால் டப்பாவில்தான் வைக்க வேண்டும், இதை அனுபவத்தில் சொல்கிறேன். என் பையன் ஒரு கல்யாணப் பந்தியில் கழற்றி இலை ஓரமாக வைத்தான், பாயசம் முடிந்ததும் கிளிப்போடு சேர்த்து இலையை மடித்துவிட்டான். பின்கட்டில் குவிந்திருந்த எச்சில் இலைகளை நானும் அவன் அப்பத்தாவும் ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தோம், சாம்பாரும் அப்பளமும்தான் வந்தது. புதிதாக அளவெடுத்துச் செய்து வாங்க 11 நாள், அதற்குள் முன்பல் ஒன்று லேசாகத் திரும்பிவிட்டது.