“அப்பவே ஏன் சொல்லல?” – மிஸ்ஸியிடம் கேட்டவை

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், வளர்ந்தவள் நான். அரசாங்க மருத்துவமனை அவசரப் பிரிவில் 31 ஆண்டுகள் தாதியாக, ஊர்ப் பேச்சில் மிஸ்ஸியாக, இருந்து ஓய்வு பெற்றேன். பாலியல் வன்கொடுமை பற்றி மனதில் இருப்பதைப் பெயர் போடாமல் எழுதி அனுப்புங்கள் என்று கேட்டிருந்தேன். வந்தவற்றில் சிலவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

ஒரு தந்தை: இதெல்லாம் கோலாலம்பூர் மாதிரி இடத்தில்தானே மிஸ்ஸி? நம்ம ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள்.

எல்லாரும் தெரிந்தவர்கள் என்பதுதான் எனக்குப் பயமே. அவசரப் பிரிவுக்கு வந்த பிள்ளைகளிடம் “யார்மா?” என்று கேட்டால், முன்பின் அறியாதவனைச் சொன்னவர்கள் குறைவு. மாமா, பக்கத்து வீட்டு அண்ணன், பள்ளி வேன் ஓட்டுகிறவர், டியூஷன் சார் என்றுதான் பதில் வரும். இன்று உயிரோடு இருக்கும் பெண்களில் 8 பேருக்கு ஒருவர் 18 வயதுக்குள் வல்லுறவுக்கோ வேறு பாலியல் தாக்குதலுக்கோ ஆளானவர் என்று 2024-இல் யுனிசெஃப் கணக்கிட்டது. ஆண்களில் 11 பேருக்கு ஒருவர். உலகக் கணக்கு நம்ம ஊருக்கு அப்படியே பொருந்த வேண்டும் என்பதில்லை. ஆனாலும் தமிழ்ப்பள்ளி சபைகூடலில் வரிசையாக நிற்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் அந்த எண் எனக்கு ஞாபகம் வருகிறது. பையன்களையும் சேர்த்துத்தான்.

பெயர் சொல்லாத பெண், 22 வயது: நான் கத்தவில்லை, ஓடவும் இல்லை. மரம் மாதிரி கிடந்தேன். அப்படியென்றால் நான் சம்மதித்ததாக ஆகிவிடுமா?

இல்லை கண்ணு. உயிர்ப்பயம் வந்தால் சிலருக்குக் கை ஓங்கும், சிலருக்குக் கால் ஓடும், நிறைய பேருக்கு உடம்பு கட்டிப்போகும். நாக்கு எழும்பாது. இதை மூளை தானாகச் செய்கிறது. நீ யோசித்து எடுத்த முடிவு இல்லை. ஸ்டாக்ஹோமில் வல்லுறவுக்கு ஆளாகிச் சிகிச்சைக்கு வந்த 298 பெண்களிடம் விசாரித்து 2017-இல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களில் 70 விழுக்காட்டினர் உடம்பு அப்படி மரத்துப்போனதாகச் சொன்னார்கள். பின்னால் மனச்சோர்விலும் அதிர்ச்சியிலும் அதிகம் துன்பப்பட்டவர்களும் இவர்கள்தான்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பால்மரம் வெட்டப் போன இடத்தில் சீரழிக்கப்பட்ட ஒரு பெண்ணிடம் நானே “ஏம்மா கத்தல?” என்று கேட்டுவிட்டேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பிறகு டாக்டரிடம்கூட ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த முதுகு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. உன்னிடம் யாராவது அப்படிக் கேட்டால், அந்தக் கேள்விதான் தப்பு.

ஓர் அம்மா, செம்பனைத் தோட்டம்: முதலில் எங்கே போவது, பாலாயா (போலீஸ் நிலையம்), மருத்துவமனையா?

அடிபட்டிருந்தால் யோசிக்காமல் மருத்துவமனை அவசரப் பிரிவு. இப்படி வருகிறவர்களைத் தனி அறையில் வைத்து, சிகிச்சை, சாட்சியம், போலீஸ், ஆலோசனை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் முடிக்கும் ஏற்பாடு 1994-இல் கோலாலம்பூர் மருத்துவமனையில் தொடங்கியது. பிறகு மற்ற அரசாங்க மருத்துவமனைகளுக்கும் வந்தது. புகார் கொடுத்தால்தான் மருந்து என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். கரு உண்டாகாமல் தடுக்கும் அவசர மாத்திரையும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. குளிக்க வேண்டாம். மாற்றிய துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் போடுங்கள். பிளாஸ்டிக்கில் வைத்தால் ஈரம் பிடித்துத் தடயம் கெடும். ஏற்கெனவே குளித்தாயிற்று என்றாலும் பரவாயில்லை, போங்கள்.

ராத்திரியில் தோட்டத்திலிருந்து வர பஸ் கிடையாது, யாரோ ஒருவர் காரைத்தான் கேட்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அது தப்பு செய்தவனுடைய சொந்தக்காரன் கார் ஆகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆள் இல்லையென்றால் 15999-க்குப் போன் போடுங்கள், தாலியான் காசிஹ் என்ற அரசாங்க உதவி எண். எந்த நேரமும் எடுப்பார்கள்.

கோயில் கமிட்டியில் இருப்பவர்: இரண்டு குடும்பமும் உட்கார்ந்து பேசித் தீர்த்தால் பிள்ளை பெயராவது கெடாமல் இருக்குமே?

ஐயா, மரியாதையோடுதான் சொல்கிறேன். அந்தப் பேச்சில் தீர்வது பெரியவர்களின் சங்கடம் மட்டும். பிள்ளை மறுநாளும் அதே லயத்தில் அவன் முகத்தில் விழிக்கிறாள். அவனோ, இந்த ஊரில் நம்மை யாரும் ஒன்றும் செய்ய மாட்டார்கள் என்று தெரிந்துகொள்கிறான். அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு நடப்பதும் அந்த மேசையிலேயே முடிவாகிவிடுகிறது.

சட்டமும் இதை விடுவதில்லை. சிறுவருக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டம் 2017-இல் வந்தது. குற்றம் தெரிந்தும் போலீஸுக்குச் சொல்லாமல் இருந்தால் 5,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம். உறவினர், ஆசிரியர், பராமரிப்பவர் செய்தால் கூடுதல் தண்டனை. பிள்ளையின் வார்த்தை ஒன்றை மட்டும் வைத்தே நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்லலாம். 16 வயதுக்குக் கீழ் இருந்தால் “அவளும் விரும்பித்தான்” என்ற பேச்சு சட்டத்தில் எடுபடாது. அவனுக்கே கட்டி வைத்துவிடலாம் என்று இனி யாரும் உங்கள் முன்னால் வாயெடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் ஐயா. உங்கள் சொல்லுக்கு ஊரில் மதிப்பு இருக்கிறது.

திருமணமானவர்: கணவர் கட்டாயப்படுத்தினால்?

அதை வல்லுறவு என்று நம் நாட்டுச் சட்டம் இன்னும் சொல்லவில்லை. அது பெரிய குறை. ஆனால் காயப்படுத்தியோ, காயப்படுத்துவேன் என்று பயமுறுத்தியோ செய்தால் குற்றம், 5 ஆண்டு வரை சிறை. குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாதுகாப்பு உத்தரவும் கேட்கலாம்.

ஓர் அண்ணன்: எட்டு மாதமாகியும் தங்கை பழையபடி ஆகவில்லை. தூங்குவதில்லை, வெளியே வருவதில்லை. அம்மா “மறந்துடு”ன்னு சொல்றாங்க.

மறக்கச் சொன்னால் அவள் தனியாக நினைத்துக்கொண்டிருப்பாள், அவ்வளவுதான். ஒரு வாசனை, ஒரு மோட்டார் சத்தம் போதும், அந்த நாள் முழுக்கத் திரும்பி வரும். காரணம் தெரியாத வயிற்றுவலி, தலைவலியும் இதில் சேர்த்தி. கிளினிக் கெசிஹாத்தானில், அதாவது அரசாங்க சுகாதார கிளினிக்கில், சொல்லி மனநலப் பிரிவுக்குக் கடிதம் வாங்குங்கள். சாமியாடி கயிறு கட்டினால் கட்டட்டும், அதற்காக மருந்தை நிறுத்தாதீர்கள். அவள் பேசினால் நடுவில் புத்தி சொல்லாமல் கேளுங்கள் தம்பி. சாகணும் என்று ஒரு தடவை சொன்னாலும் அன்றே கூட்டிப் போங்கள்.

ஒரு பாட்டி, 64 வயது: ஒன்பது வயசுல, தோட்டத்துப் பிள்ளைங்களைப் பார்த்துக்கற ஆயாக்கொட்டாய்க்குப் பின்னால. யார்கிட்டயும் சொன்னதில்ல. இப்போ சொல்லி என்ன ஆகப்போகுது?

அக்கா, 55 வருஷம் ஆச்சு. இப்போ என்கிட்ட சொல்லிட்டீங்க. நான் நம்புறேன். அவன் உயிரோட இருந்தா இன்னிக்கும் ரிப்போட் எழுதலாம், நம்ம நாட்டுல இந்தக் குத்தத்துக்கு இத்தனை வருஷம்தான்னு கெடு இல்ல. எழுத வேணாம்னா அதுவும் உங்க இஷ்டம். போன் நம்பரைத் தனியா அனுப்புங்க. வீட்டுக்கு வரேன், நீங்க எவ்வளவு நேரம் பேசினாலும் உட்கார்ந்து கேக்கறேன்.