பெயர்ப்பலகைக்கு உருண்டை எழுத்து

கேள்வி: சிறுதானியத் தின்பண்டங்கள் செய்து விற்கத் தொடங்குகிறேன். கடைப் பெயர் முதல் பாக்கெட்டின் பின்பக்கம் வரை எல்லாவற்றுக்கும் ‘பாலூ தம்பி’ என்ற தடித்த, முனை உருண்ட எழுத்துருவையே பயன்படுத்தலாம் என்கிறார் டிசைனர். பொருந்துமா? பணம் கட்ட வேண்டுமா?
- வாசகி, ஈரோடு

பதில்: பெயருக்குப் பொருந்தும், பாக்கெட்டின் பின்பக்கத்துக்குப் பொருந்தாது. கூர்முனையே இல்லாத தடித்த எழுத்து, தின்பண்டம், குழந்தைகளுக்கான பொருள் போன்றவற்றுக்கு ஒரு நெருக்கத்தைத் தருகிறது. இந்த வழக்கம் புதிதன்று. வோக்ஸ்வாகன் நிறுவனம் 1970களின் இறுதியில் தன் விற்பனையகங்களுக்காக உருவாக்கிய ‘வி.ஏ.ஜி. ரவுண்டட்’ என்ற உருண்டை எழுத்துதான், பிற்காலத்தில் ஆப்பிள் கணினிகளின் விசைப்பலகைகளிலும் நெடுநாள் இருந்தது.

ஆனால் ஆங்கில எழுத்தைத் தடிக்கச் செய்வது போலத் தமிழ் எழுத்தைத் தடிக்கச் செய்துவிட முடியாது. மூன்று சுழி ‘ண’வுக்கும் இரண்டு சுழி ‘ன’வுக்கும் உள்ள வேறுபாடே சுழிகளுக்குள் இருக்கும் வெற்றிடத்தில்தான் இருக்கிறது; கோடு தடிக்கத் தடிக்க அந்த இடம் குறுகி, சிறிய அளவில் அச்சிடும்போது மை பரவி அடைபட்டுவிடுகிறது. உங்கள் பாக்கெட்டில் எப்படியும் இடம்பெறப்போகும் ‘எண்ணெய்’ என்ற சொல்லை உட்பொருள் பட்டியலின் அளவில் அச்சிட்டுப் பாருங்கள்: சுழிகள் அடைபடுவதோடு, புள்ளியும் எழுத்தோடு ஒட்டிக்கொள்ளக் காண்பீர்கள். ‘பாலூ தம்பி 2’ என்ற பிந்தைய பதிப்பில் ஐந்து தடிமன்கள் உள்ளன; பெயருக்கு அதிகத் தடிமனை வைத்துக்கொண்டு, பட்டியலுக்கு ‘நோட்டோ சான்ஸ் தமிழ்’ போன்ற எளிய எழுத்துருவைக் கேளுங்கள்.

பணம் கட்ட வேண்டியதில்லை. மும்பையைச் சேர்ந்த ‘ஏக் டைப்’ குழுவினர் இதைத் திறந்த எழுத்துரு உரிமத்தில் வெளியிட்டுள்ளதால், வணிகப் பயன்பாடும் இலவசமே. எழுத்துருவை மட்டும் தனியே விற்கக் கூடாது. (பல மொழிகளுக்கும் சகோதர முறையில் பெயர் வைத்திருக்கிறார்கள்: தமிழுக்குத் தம்பி, மலையாளத்துக்குச் சேட்டன், தெலுங்குக்குத் தம்முடு.) இலவசம் என்பதாலேயே பக்கத்துத் தெருக் கடையும் இதையே எடுத்துக்கொள்ளலாம் என்பதால், பெயரில் ஓரிரு எழுத்துகளையாவது டிசைனர் கையால் மாற்றி வரைந்து தரட்டும்.

கேள்வி: என் கணினியில் சரியாகத் தெரியும் ‘கொழுக்கட்டை’, அச்சகத்தில் கொம்பு இடம் மாறி வருகிறதே, ஏன்?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: குறை எழுத்துருவில் இல்லை. கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறையான ஒருங்குறியில் (யூனிகோடு) ‘கொ’வின் உயிர்க்குறி, மெய்க்குப் பின்னரே சேமிக்கப்படுகிறது, கொம்பை முன்னே கொண்டுவந்து வைப்பது மென்பொருளின் வேலை. பழைய மென்பொருளுக்கு அது தெரியாது. புதியவற்றிலும் சிலவற்றில் இந்திய மொழிகளுக்கான வசதியை நாமே இயக்கி வைக்க வேண்டும். பெயரைக் கோட்டு வடிவமாக (அவுட்லைன்), அதாவது எழுத்தாக அல்லாமல் வெறும் படமாக, மாற்றிய பின் அச்சகத்துக்கு அனுப்புங்கள். அதன் பிறகு கொம்பு இடம் மாறாது.