கடல்பனி மெலிந்தால் உடம்புக்கு என்ன? வடக்கு ஊர்கள் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி (செவிலியர் மாணவி): டாக்டர் அக்கா, வட துருவத்தை ஒட்டிய ஆர்க்டிக் பகுதி வேகமாகச் சூடாகிறதாம். அவ்வளவு குளிரில் வாழ்பவர்களுக்கு அது நல்லதுதானே?

பதில்: முதலில் அப்படித்தான் தோன்றும்மா. 1979 முதல் கணக்குப் பார்த்தால், உலகச் சராசரியைவிடக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு வேகத்தில் அங்கே சூடேறியிருக்கிறது. ஆனால் அந்த மக்களுக்குக் கடல்பனிதான் சாலை. கனடாவின் நுனவுட்டில் 25 ஊர்கள் இருக்கின்றன. ஒன்றையொன்று இணைக்கும் சாலை கிடையாது. உறைந்த கடல்மேல் ஸ்னோமொபைல் என்ற பனிவண்டியில் வேட்டைக்குப் போவார்கள். பனி மெலிந்தால் வண்டியோடு ஆள் உள்ளே போய்விடுகிறார். பயந்து வீட்டிலேயே இருந்தால் சீல் இறைச்சி இல்லை, மீன் இல்லை. விமானத்தில் வரும் விலை கூடிய கடைச் சாப்பாடுதான் மிச்சம்.

அலாஸ்காவின் வடகோடியில் இனுபியாக் பழங்குடி மக்கள், ஆண்டு முழுக்க உறைந்தே கிடக்கும் உறைமண்ணைத் தோண்டித் திமிங்கில இறைச்சியைச் சேமிப்பார்கள். ஏணி வைத்து இறங்கும் நிலவறை அது. இப்போது சில அறைகளில் சுவர் கசிந்து தரையில் தண்ணீர் நிற்கிறது, இறைச்சி கெடுகிறது. பருவநிலை மாற்றம் அந்த வீட்டுக்கு இந்த வழியாகத்தான் வருகிறது.

கேள்வி: உறைமண்ணிலிருந்து பழைய கிருமிகள் கிளம்பும் என்பது உண்மையா, டாக்டர்?

பதில்: ஒருமுறை அப்படி நடந்ததாகவே பலரும் கருதுகிறார்கள். 2016 கோடையில் ரஷ்யாவின் யமால் தீபகற்பத்தில் ஆந்த்ராக்ஸ் பரவியது. நம் ஊரில் மாடுகளுக்கு வரும் அடைப்பான் நோய்தான் அது. 2,000-க்கும் மேற்பட்ட கலைமான்கள் செத்தன. நெனெட்ஸ் பழங்குடி மேய்ப்பர் குடும்பத்துச் சிறுவன், 12 வயது, இறந்துபோனான். வெப்ப அலையில் மண் இளகியது ஒரு காரணம். கலைமான்களுக்குப் போட்டுவந்த தடுப்பூசியை 2007-ல் நிறுத்தியதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். வெயிலை மட்டும் குறை சொல்லிவிட்டு இதை விட்டுவிடுவது அந்தக் குழந்தைக்குச் செய்யும் அநியாயம். கால்நடை மருத்துவரும் மனித மருத்துவரும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்று நான் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

கேள்வி (புள்ளியியல் ஆசிரியர்): ஒத்துழைப்பு என்றால் அங்கே நடைமுறையில் என்ன செய்கிறார்கள்?

பதில்: எனக்கு மிகவும் பிடித்தது, கடல்பனியின் தடிமனை அளக்கும் ஸ்மார்ட்ஐஸ் என்ற திட்டம். கனடாவின் லாப்ரடாரில், நுனாட்சியவுட் என்ற இனுயிட் பழங்குடிப் பகுதியின் அரசும் மெமோரியல் பல்கலைக்கழகமும் சேர்ந்து தொடங்கியது. ஸ்னோமொபைலின் பின்னால் இழுத்துப்போகும் கமுட்டிக் என்ற சறுக்குவண்டியில் மின்காந்தக் கருவி ஒன்றைப் பொருத்துகிறார்கள். போகப்போக அது அடியில் இருக்கும் பனியின் தடிமனைக் காட்டும். ஓட்டுவது உள்ளூர்க்காரர்கள். எந்தப் பாதையை அளக்க வேண்டும் என்று முடிவு செய்வதும் அவர்கள்தான். நீரோட்டம் எங்கே பனியை அடியிலிருந்து அரிக்கும் என்பது பெரியவர்களுக்குத் தெரியும். கருவி அவர்கள் அறிவுக்குத் துணை, அவ்வளவுதான்.

அலாஸ்காவில் பழங்குடி நலக் கூட்டமைப்பு 2012-ல் லியோ என்ற வலையமைப்பைத் தொடங்கியது. வேட்டையில் கிடைத்த மிருகத்தில் புதிதாக ஏதாவது கட்டியைக் கண்டால், அங்கே படத்தோடு எழுதலாம். துறை அறிந்தவர்கள் பார்த்துப் பதில் சொல்கிறார்கள்.

கேள்வி: நாடுகளுக்கு இடையே சண்டை வந்தால் இதெல்லாம் என்னவாகும்?

பதில்: அடிபடும். 1996-ல் அமைந்த ஆர்க்டிக் கவுன்சிலில் எட்டு நாடுகளோடு ஆறு பழங்குடி அமைப்புகளும் உட்காருகின்றன. உக்ரைன் போருக்குப் பிறகு, 2022 மார்ச்சில், ரஷ்யா தவிர்த்த ஏழு நாடுகளும் அதன் பணிகளில் பங்கேற்பதை நிறுத்திவைத்தன. வேலைகள் மெல்லத்தான் மீண்டன.

கேள்வி: மனநலம் பற்றி யாருமே கேட்கவில்லையே, மேடம்?

பதில்: நல்லவேளை நீங்கள் கேட்டீர்கள். பனிக்காலம் சுருங்கும்போது ஒரு தாத்தாவுக்குப் பேரனிடம் கற்றுக்கொடுக்க இருந்த நாட்களும் சுருங்குகின்றன. அது துக்கம்தான், அதற்கு மாத்திரை எழுத முடியாது. நுனாட்சியவுட்டின் நெயின் என்ற ஊரில் இளைஞர்களை அனுபவமுள்ள வேட்டைக்காரர்களோடு வெளியே அனுப்புகிறார்கள். கிடைக்கும் இறைச்சி ஊர்ப் பொது உறைபெட்டிக்குப் போகிறது. அதிலிருந்து எடுத்து, வெளியே போக முடியாத முதியவர்களின் வீட்டுக்கு அந்த இளைஞர்களே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள்.